மூன்று மாடி ஏறும் மூச்சு

(வட சென்னையில் வீடு வீடாகச் சென்று சிகிச்சை தரும் ஒரு பிசியோதெரபிஸ்ட், தண்டையார்பேட்டை நூலகக் கூடம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

நுரையீரல் நோயைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தார்கள். நான் நெஞ்சக நோய் டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட். மூச்சு வாங்குகிற நோயாளியைக் கட்டிலிலிருந்து எழுப்பி நடக்க வைப்பது என் வேலை. அதனால் இன்றைக்கு நுரையீரலைப் பற்றிப் பேசுவதை விடத் தொடைத் தசையையும் மாடிப்படியையும் தண்ணீர்க் குடத்தையும் பற்றித்தான் அதிகம் பேசுவேன். ஒரே நோய் உள்ள இரண்டு பேரில் ஒருவர் எழுபது வயதிலும் மார்க்கெட்டுக்குப் போய் வருகிறார். இன்னொருவர் அறுபதிலேயே படுத்துவிடுகிறார். அந்த வித்தியாசம் பெரும்பாலும் அவர்கள் வாழ்கிற இடத்தில் இருக்கிறது. இதைச் சொல்லத்தான் வந்தேன்.

முதலில் நோயைப் புரிந்துகொள்வோம். நம் பக்கத்தில் இழுப்பு என்பார்கள், வீசிங் என்பார்கள், நெஞ்சுச் சளி என்பார்கள். டாக்டர்கள் சிஓபிடி என்று எழுதுவார்கள், அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். பல வருடப் புகையும் தூசியும் மூச்சுக் குழாய்களைச் சுருக்கி விடுகின்றன. நுரையீரலின் சின்னச் சின்னக் காற்றுப் பைகள் சிதைந்து விரிந்து விடுகின்றன. இந்த நோயில் காற்றை இழுப்பதை விட வெளியே விடுவதுதான் கஷ்டம். போன காற்று முழுதாக வெளியே வராமல் தங்கிவிடும், அடுத்த மூச்சுக்கு உள்ளே இடம் இருக்காது. வேகமாக நடந்தால் இன்னும் மோசமாகும். இதைக் கண்டுபிடிக்க எக்ஸ்ரே மட்டும் போதாது, ஸ்பைரோமெட்ரி என்கிற ஊதிப் பார்க்கிற டெஸ்ட் வேண்டும். மருந்து கொடுத்த பிறகும், முழுதாக ஊதுகிற காற்றில் முதல் ஒரு விநாடியில் வருவது 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அடைப்பு இருக்கிறது என்று பொருள்.

இந்தியாவில் 2016-ல் சுமார் ஐந்தரைக் கோடிப் பேருக்கு இந்த நோய் இருந்ததாக ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. உலக மக்கள்தொகையில் நாம் 18 சதவீதம். ஆனால் உலகின் நாள்பட்ட சுவாச நோய்ச் சுமையில் 32 சதவீதம் நம் மேல் இருக்கிறது. அந்த ஆய்வு சொன்ன இன்னொன்றையும் கவனியுங்கள். நம் நாட்டில் சிஓபிடி சுமையில் பாதிக்கு மேல் காற்று மாசால் வருகிறது, வெளிக்காற்றும் அடுப்புப் புகையும் சேர்த்து. புகையிலையால் வருவது கால் பங்குதான். பீடி, சிகரெட்டை உடனே விட வேண்டும், அதில் இரண்டு பேச்சே கிடையாது. ஆனால் ஓபியில் இருமுகிற ஒவ்வொருவரையும் "குடிப்பியா, பீடி அடிப்பியா" என்று மட்டும் கேட்டு அனுப்பினால், வாழ்நாளில் பீடியைக் கையால் தொடாத ஒரு அம்மாவுக்கு ஏன் மூச்சு முட்டுகிறது என்பது கடைசி வரை தெரியாமலே போகும்.

அந்த அம்மாவின் மூச்சில் என்னென்ன போயிருக்கும்? நம் கரையோரத்தை நினைத்துப் பாருங்கள். மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969-ல் ஓடத் தொடங்கியது. அதற்கு அடுத்த வருடம் எண்ணூர் அனல்மின் நிலையம். அது 2017-ல் மூடப்பட்டது. அதற்குள் அத்திப்பட்டுப் பக்கம் வட சென்னை அனல்மின் நிலையமும், 1,500 மெகாவாட்டில் வல்லூர் அனல்மின் நிலையமும் வந்துவிட்டன. ராயபுரம், காசிமேடு மக்கள் துறைமுகத்து நிலக்கரித் தூசியை வருடக்கணக்கில் துணியிலும் சோற்றிலும் பார்த்தவர்கள். 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வது நின்றது. ராயபுரத்துக்கு நிம்மதி. ஆனால் அந்த நிலக்கரி எண்ணூர்ப் பக்கம் போனது. அங்கேயும் ஜனங்கள் இருக்கிறார்கள் அல்லவா? காட்டுக்குப்பத்து மீனவரும் முகத்துவாரக்குப்பத்து மீனவரும் கொசஸ்தலை ஆற்றின் சாம்பல் சேற்றில்தான் வலை போடுகிறார்கள். இந்தப் பக்கம் கொடுங்கையூரில் ஏறத்தாழ 350 ஏக்கர் குப்பை மேடு. கோடையில் அது பற்றிக்கொண்டால் ஆர்.கே. நகர், வியாசர்பாடி வரை ஜன்னலைச் சாத்த வேண்டும். சாத்தினால் வீட்டுக்குள் புழுக்கம்.

"சென்னைக்குக் கடல் காற்று இருக்கிறது, டெல்லி மாதிரி ஆகாது" என்று சொல்கிறவர்கள் உண்டு. ஊர் முழுதுக்கும் சராசரி எடுத்தால் அது ஓரளவு சரி. ஆனால் புகைபோக்கிக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவருக்குச் சராசரியால் என்ன பயன்? இரவில் காற்று அடங்கும்போது, மார்கழி விடியலில் பனி மூட்டம் கீழே படியும்போது, புகை மேலே போகாமல் தெருவிலேயே நிற்கும். பிஎம் 2.5 என்று செய்தியில் வருகிறதே, அது நம் தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கு கூட இல்லாத தூசி. மூக்கில் வடிகட்ட முடியாது, காற்றுப் பை வரை போகும். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் ஆண்டு சராசரி ஒரு கன மீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்றது. நம் நாட்டு வரம்பு 40. ஆக, "வரம்புக்குள்தான் இருக்கிறது" என்று அதிகாரி சொன்னால் அது நம் நுரையீரலுக்குச் சான்றிதழ் ஆகாது. அனல்மின் நிலையங்கள் கந்தக வாயுவைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு 2015 டிசம்பரில் விதி போட்டது. அதன் காலக்கெடு திரும்பத் திரும்பத் தள்ளிப் போனது. விதி தள்ளிப் போனாலும் மூச்சைத் தள்ளிப் போட முடியுமா?

2023 டிசம்பரை எண்ணூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலம் வீட்டுக்குள் வந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு அம்மோனியா கசிந்தது, நெஞ்சு எரிந்து மக்கள் தெருவுக்கு ஓடினார்கள். நல்ல நுரையீரல் உள்ளவர் சில நாளில் தேறிவிடுவார். ஏற்கெனவே அடைப்பு உள்ளவருக்கு அப்படி ஓர் இரவு கூட ஆஸ்பத்திரிப் படுக்கையில் முடியலாம். ஒவ்வொரு முறை அட்மிட் ஆகும்போதும் தசை கரைகிறது. வீடு திரும்புகிறவர் போனவராகத் திரும்புவதில்லை.

பழைய கணக்குகளும் இருக்கின்றன. பெரம்பூர் பின்னி மில்லை எடுத்துக்கொள்ளுங்கள். 1918-ல் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் அந்த மில் தொழிலாளர்களைக் கொண்டுதான் எழுந்தது. 1996-ல் மில் மூடப்பட்டது. பஞ்சுத் தூசியில் வேலை செய்தவர்களுக்கு பிசினோசிஸ் என்று ஒரு நோய் வரும். ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை உள்ளே போனதும் நெஞ்சு இறுகும். வருடங்கள் போகப் போக எல்லா நாளும் திங்கட்கிழமை ஆகிவிடும். மில் போய்விட்டது, அந்த மூச்சு இன்னும் பெரம்பூர், ஓட்டேரி வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் இன்று எந்தச் சீட்டிலும் 'பஞ்சு' என்று எழுதியிருப்பதில்லை.

அப்புறம் டிபி. உலகத்துக்கே சென்னை சொல்லிக் கொடுத்த ஒரு பாடம் இதில் இருக்கிறது. 1956-ல் இங்கே ஓர் ஆய்வு தொடங்கியது. அதை நடத்திய மையம்தான் இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். நெரிசலான ஏழை வீடுகளில் இருந்த நோயாளிகளில் பாதிப் பேரைச் சானடோரியத்துக்கு, அதாவது டிபி நோயாளிகளைத் தங்க வைத்துப் பார்க்கிற ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், மீதிப் பேருக்கு வீட்டிலேயே மருந்து. சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு, காற்றோட்டம். வீட்டில் அதெல்லாம் இல்லை. ஆனாலும் இரண்டு இடத்திலும் கிட்டத்தட்ட ஒரே அளவு குணம். மருந்து ஒழுங்காகக் கைக்கு வந்தால் ஏழை வீட்டிலும் நோய் குணமாகும் என்று 1959-ல் உலகம் தெரிந்துகொண்டது. சானடோரிய வாசலில் காத்திருந்த லட்சக்கணக்கானோர் அதனால் பிழைத்தார்கள்.

அந்த ஆய்வின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் கிருமி செத்தாலும் வடு தங்கும். டிபி வந்து குணமானவர்களில் பலருக்குப் பிற்காலத்தில் மூச்சுக் குழாய் அடைப்பு வருகிறது. மருந்து முடித்த பிறகு அவர் பெயர் பதிவேட்டிலிருந்து போய்விடும். பதினைந்து வருடம் கழித்துப் படி ஏற முடியாமல் வரும்போது "உனக்குத்தான் டிபி சரியாயிடுச்சே" என்பார்கள். டிபி முடித்த ஒவ்வொருவருக்கும் ஒருமுறையாவது ஊதிப் பார்க்கிற டெஸ்ட் செய்ய வேண்டும். இது பெரிய செலவுள்ள கோரிக்கை இல்லை.

நம் பிள்ளைகளுக்கு வருகிறேன். நுரையீரல் இருபது, இருபத்தைந்து வயது வரை வளர்ந்து உச்சத்தைத் தொடும், பிறகு மெல்லக் குறையும். உச்சமே குள்ளமாக இருந்தால் சாதாரணமாகக் குறைந்தாலும் ஐம்பதில் மூச்சு வாங்கும். 2015-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், சிஓபிடி வந்தவர்களில் சுமார் பாதிப் பேருக்கு இளம் வயதிலேயே நுரையீரல் திறன் குறைவாக இருந்தது தெரிந்தது. தெற்கு கலிபோர்னியாவில் பத்து வயதுப் பிள்ளைகளைப் பதினெட்டு வயது வரை பின்தொடர்ந்து பார்த்தார்கள். மாசு மிகுந்த ஊர்ப் பிள்ளைகளிடையே நுரையீரல் திறன் குன்றியவர்களின் பங்கு, சுத்தமான ஊரை விட ஏறக்குறைய ஐந்து மடங்கு. பிறகு அங்கே காற்றைச் சுத்தம் செய்தார்கள். அடுத்தடுத்து வந்த பிள்ளைகளின் நுரையீரல் நன்றாக வளர்ந்தது. இதை நான் போகிற இடமெல்லாம் சொல்கிறேன், ஏனென்றால் "நம்ம ஏரியா அப்படித்தான்" என்ற பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை.

வீட்டுக்குள் ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன், கொசுவத்தி. ஒரு சுருள் எரிந்து முடிந்தால் வெளிவரும் நுண்தூசி 75 முதல் 137 சிகரெட் அளவு என்று 2003-ல் ஓர் ஆய்வு அளந்தது. பக்கிங்காம் கால்வாய் ஓரத்தில் கொசு இல்லாமல் தூங்குங்கள் என்று யாரிடமும் சொல்ல முடியாது, அதனால் வலை கட்டுங்கள் என்கிறேன். பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் படுக்கும்போது வலை எங்கே கட்டுவது என்று ஒரு தாய் திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்வி. கால்வாயைத் தூர்வாருவது மாநகராட்சி வேலை, அவருடைய வேலை இல்லை.

சரி, இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். தளர்ச்சி.

வயதானால் தளர்வது இயற்கை என்று நினைக்கிறோம். மருத்துவத்தில் அதை அளக்க முடியும். 2001-ல் லிண்டா ஃப்ரீட் என்ற அமெரிக்க முதியோர் மருத்துவரும் அவர் குழுவினரும் ஐந்து அடையாளங்களை வகுத்தார்கள். காரணமில்லாமல் எடை குறைவது, எப்போதும் அசதி, கைப்பிடி வலு குறைவது, நடை மெதுவாவது, அன்றாட அசைவே குறைந்து போவது. இதில் மூன்று இருந்தால் தளர்ச்சி நிலை, ஒன்றோ இரண்டோ இருந்தால் அதை நோக்கிப் போகிறார் என்று பொருள். சிஓபிடி உள்ளவர்களில் சுமார் ஐந்தில் ஒருவர் இந்த நிலையில் இருக்கிறார். நோய் இல்லாதவரை விட இவர்களுக்கு வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. தளர்ந்தவர் கீழே விழுவார், அடிக்கடி அட்மிட் ஆவார், சின்னச் சளிக் காய்ச்சலில் கூடச் சாய்வார்.

ஏன் இப்படி ஆகிறது? மூச்சு வாங்குவதால் நடையைக் குறைக்கிறார். நடக்காததால் தொடைத் தசை சுருங்குகிறது. வலு இல்லாத தசை கொஞ்ச வேலைக்கே அதிக ஆக்சிஜன் கேட்கும், அதனால் முன்னை விட அதிகமாக மூச்சு வாங்கும். இன்னும் குறைவாக நடப்பார். இதற்கிடையில் மூச்சு விடுவதற்கே உடம்பு கூடுதல் சக்தி செலவழிக்கிறது, சாப்பிட்டால் வயிறு மேலே தள்ளி மூச்சு முட்டுகிறது என்று அரை வயிறு சாப்பிடுகிறார். அடிக்கடி ஸ்டீராய்டு மாத்திரை விழுங்கினால் அதுவும் தசையையும் எலும்பையும் தின்னும்.

இந்தச் சுழலை நம் வீடுகள் எப்படி வேகப்படுத்துகின்றன என்று பாருங்கள். குடிசை மாற்று வாரியம் 1970-ல் தொடங்கியது. இன்று அதன் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். அது கட்டிய பழைய குடியிருப்புகளில் பல, தரைத்தளத்துக்கு மேல் மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. மூன்றாம் மாடியில் இருக்கிற மூச்சு நோயாளி ஒருமுறை கீழே இறங்கினால் திரும்ப ஏறுவதற்கு அரை மணி நேரம். முதலில் சாயங்காலக் கோயிலை விடுகிறார், பிறகு ரேஷன் கடையை விடுகிறார், கடைசியில் மாதாந்திர ஓபியை விடுகிறார். மருந்து தீர்ந்த நாள் நெஞ்சு அடைத்து 108-ஐக் கூப்பிட வேண்டி வருகிறது.

தண்ணீர் கீழே. அடி பம்பிலோ தொட்டியிலோ பிடித்து மேலே தூக்க வேண்டும். ஒரு குடம் நிறைந்தால் பதினைந்து கிலோ பக்கம் வரும். பெரும்பாலும் தூக்குகிறவர் பெண். சின்ன வயதில் கட்டை அடுப்பு, பிறகு மண்ணெண்ணெய் ஸ்டவ், அப்புறம்தான் கேஸ். அந்த நுரையீரலோடு அறுபது வயதில் இடுப்பில் குடம். அவர் இருமினால் "வயசாயிடுச்சு" என்பார்கள், அதே வீட்டில் கணவர் இருமினால் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார்கள். பெண்களுக்கு நோய் தாமதமாகத்தான் தெரிகிறது. தெரியும்போது தொடையில் சதையே இருக்காது.

இன்னொன்று சொல்கிறேன், கேட்பவர்களுக்குக் கொஞ்சம் வலிக்கலாம். நாம் பாசத்தால் அவர்களைத் தளர வைக்கிறோம். "நீ உட்காரும்மா, நான் பார்த்துக்கிறேன்" என்று மகள் சொல்கிறாள், சொம்பு கூட எடுக்க விடுவதில்லை. அந்த அன்பைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் மூச்சு வாங்குவது ஆபத்து என்று பயந்துதான் உட்கார வைக்கிறோம். மருந்து ஒழுங்காக எடுத்து, டாக்டர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு, அளவோடு மூச்சு வாங்க நடப்பதுதான் இந்த நோய்க்குச் சிகிச்சை. பேசிக்கொண்டே நடக்க முடிகிற அளவு. உதட்டைக் குவித்து விளக்கை அசைக்கிற மாதிரி மெல்ல ஊதி, மூச்சை வெளியே விடும்போது படியில் கால் வைக்க வேண்டும். நாலு படிக்கு ஒரு நிறுத்தம். குடத்துக்குப் பதில் அரைக் குடம், இரண்டு தடவை. மூன்று மாத்திரை தராத தெம்பை இது தரும்.

இது என் ஆசை வார்த்தை இல்லை. இப்படி அளவோடு பழக்குகிற நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சியைப் பற்றி 65 சோதனைகளைத் தொகுத்து, மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடுகிற காக்ரேன் குழு 2015-ல் பார்த்தபோது பலன் அவ்வளவு தெளிவாக இருந்தது. இனி இதை வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட்டுப் புதுச் சோதனையே தேவையில்லை என்று எழுதிவிட்டார்கள். 2016-ல் வெளிவந்த ஒரு லண்டன் ஆய்வில், எண்ணூறுக்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பார்த்ததில் கால் பங்குப் பேர் தளர்ச்சி நிலையில் இருந்தார்கள். அவர்களில் பயிற்சியை முடித்தவர்களில் பத்தில் ஆறு பேர் அந்த நிலையிலிருந்தே வெளியே வந்தார்கள். தளர்ச்சி திரும்பக்கூடியது! ஆனால் பயிற்சியைப் பாதியில் விடுவதும் தளர்ந்தவர்களிடையேதான் அதிகம். வர முடியவில்லை, அவ்வளவுதான். எண்ணூரிலிருந்து கண்டெய்னர் லாரி வரிசையைத் தாண்டி, வாரம் இரண்டு நாள், எட்டு வாரம் யாரால் வர முடியும்? மெல்போர்னில் வீட்டிலேயே செய்யச் சொல்லி வாரம் ஒருமுறை போனில் பேசினார்கள். அதுவும் மருத்துவமனைப் பயிற்சிக்கு இணையான பலன் தந்தது. 2017-ல் அந்த ஆய்வு வந்தது.

நமக்கு அதற்கான கட்டமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது, சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, அதில் பிசியோதெரபியும் உண்டு. அந்தப் பட்டியலில் மூச்சு நோயாளியையும் முறையாகச் சேருங்கள் என்பது என் கோரிக்கை. மூச்சு மருந்துப் பம்பை, அதாவது இன்ஹேலரை, எப்படி இழுப்பது என்று வீட்டில் வந்து காட்டட்டும், நாற்காலிப் பயிற்சியைச் சொல்லிக் கொடுக்கட்டும். 1956-ல் டிபிக்கு இதே ஊரில் வீட்டுக்கே போக முடிந்தது என்றால் இப்போது ஏன் முடியாது?

வாரியத்திடமும் கேட்க வேண்டும். ஸ்பைரோமெட்ரியில் அடைப்பு உறுதியான முதியவருக்குத் தரைத்தள வீடு மாற்றித் தருவதை விதியாக்குங்கள். புதிய உயரக் கட்டடங்களில் லிஃப்ட் நின்றால் எத்தனை மணி நேரத்தில் சரிசெய்ய வேண்டும் என்று எழுதி ஒட்டுங்கள். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் உட்கார ஒரு சிமென்ட் திண்டு. தண்ணீர் மாடிக்கு வர வேண்டும். இவை வீட்டு வசதிக் கோரிக்கைகள் மாதிரித் தெரியும், எனக்கு இவை மருந்துச் சீட்டு.

சாப்பாட்டையும் விடக் கூடாது. கஞ்சியும் ரசமும் மட்டும் போதாது, தசைக்குப் புரதம் வேண்டும். தினம் ஒரு முட்டை, இல்லையென்றால் சுண்டல், பருப்பு. மாட்டுக்கறி சாப்பிடுகிறவர்கள் தாராளமாகச் சாப்பிடுங்கள், காசிமேட்டு நெத்திலி மீனும் கவலை மீனும் விலைக்கு நல்ல சத்து. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. ஃப்ளூ தடுப்பூசியும் நிமோனியா தடுப்பூசியும் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

நேரமாகிவிட்டது. அந்தப் பக்கம் கைப்பிடி இல்லாத நாற்காலிகள் போட்டிருக்கிறோம். கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டும். பன்னிரண்டு விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கால் வலு குறைந்திருக்கிறது என்று பொருள், பெயரை எழுதிக்கொண்டு வீட்டுக்கு வந்து பார்க்கிறோம். முடியாதவர்கள் முயல வேண்டாம், சொல்லுங்கள் போதும். பம்பு கொண்டு வந்தவர்கள் முன் வரிசைக்கு வாருங்கள், நீங்கள் எப்படி இழுக்கிறீர்கள் என்று பார்ப்போம். வீட்டில் மாடியை விட்டு இறங்க முடியாதவர் யாராவது இருந்தால், அவர் கதவு எண்ணையும் எந்த மாடி என்பதையும் கொடுத்துவிட்டுப் போங்கள்.